ஒரு கையால் தட்டச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். பல வருடங்களாக எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: இடக்கைக்கு 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்', வலக்கைக்கு 'செமிகோலன் எல் கே ஜே எச் ஜே'. ஒரு நாள் என்னிடம் ஹையர் என்ற முதுநிலைத் தட்டச்சுத் தேர்வு வரை படித்த பழைய மாணவர் வந்து உட்கார்ந்தார். பைக் விபத்தில் தோள்பட்டை நரம்புகள் அறுந்து இடக்கை செயலிழந்திருந்தது. "சார், இனி எப்படி?" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பாடமே இல்லை. அவரோடு சேர்ந்து உட்கார்ந்துதான் நானும் இதைக் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பக்கவாதம் வந்தவர்கள், கை முறிந்தவர்கள், பிறவியிலேயே ஒரு கை குறைந்தவர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். சந்தேகங்கள் அநேகமாக இவைதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தருகிறேன்.

ஒரு கையால் ஒழுங்காக டைப் அடிக்க முடியுமா சார்? எவ்வளவு வேகம் வரும்?

முடியும். 1993இல் கனடாவின் டொரன்டோவில் எட்கர் மத்தியாஸும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். இரு கையாலும் பார்க்காமல் அடிக்கத் தெரிந்த 10 பேருக்கு, இடக்கையால் மட்டும் அடிக்கும் ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஏறத்தாழ 10 மணி நேரப் பயிற்சியில் அவர்களுடைய சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 35 சொற்களைத் தொட்டது. நம் ஊர்த் தேர்வில் லோயர் என்ற இளநிலைக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். ஒற்றைக் கையால் லோயரைத் தாண்டிவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் என்னிடம் வருபவர்களிடம் வேகத்தைப் பற்றி முதலில் பேசுவதில்லை. இரண்டு கை செய்த வேலையை இப்போது ஒரு கை செய்யப்போகிறது. அந்தக் கையும் வலித்து நின்றுவிட்டால் எழுத, சாப்பிட, சட்டைப் பொத்தான் போட வேறு கை இல்லை. அதனால் இந்தப் பக்கம் முழுக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: விரல் எவ்வளவு குறைவாகப் பயணம் செய்கிறது? பயணம் குறைந்தால் வேகம் பின்னாலேயே வந்துவிடும்.

இதற்கென்று புது கீபோர்டு வாங்கணுமா?

உடனே வேண்டாம். முதல் ஒரு மாதம் இருக்கிற கீபோர்டிலேயே, அடுத்த இரண்டு பதில்களில் சொல்வதைச் செய்து பாருங்கள். எந்த விசை உங்களுக்குத் தொல்லை தருகிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் காசு வீணாகாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. வலக்கை மட்டும் உள்ளவர்கள், வலது ஓரத்தில் எண் பலகை இல்லாத குட்டை கீபோர்டாகப் பார்த்து வாங்கலாம். எண் பலகையைத் தாண்டி மவுஸுக்கும், மவுஸிலிருந்து திரும்ப எழுத்துக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை போய்வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு சாண் குறைந்தாலே தோள்வலி பாதி குறைகிறது என்று என் மாணவர் சொல்வார்.

ஷிஃப்டையும் எழுத்தையும் ஒரே கையால் எப்படி அழுத்துவது? கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது?

சேர்த்து அழுத்தவே வேண்டாம். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். பலர் அதைத் தொல்லை என்று மூடிவிடுவார்கள். அது உங்களுக்காகவே வைத்த வசதி. 'ஆம்' சொல்லிவிட்டால், ஷிஃப்டைத் தட்டிக் கையை எடுத்துவிட்டு அப்புறம் எழுத்தைத் தட்டலாம். கன்ட்ரோல், பிறகு ஆல்ட், பிறகு டெலிட் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாலும் ஒன்றாக அழுத்தியதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஷிஃப்டை இரண்டு தடவை தட்டினால் அது பூட்டிக்கொள்ளும், மறுபடி தட்டினால் விடும். மேக்கிலும் லினக்ஸிலும் இதே வசதி இருக்கிறது.

கை நடுங்குபவர்களுக்கு 'ஃபில்டர் கீஸ்' இருக்கிறது. வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் வரும். தெரியாமல் பட்ட சின்னத் தட்டல்களையும், ஒரே விசை இரட்டிப்பதையும் அது விட்டுவிடும்.

கையை எங்கே வைக்கணும்? பழைய இடத்திலேயே வைக்கலாமா?

சாதாரண எழுத்தமைப்பில் அடிப்பதானால் வேண்டாம். நடுவுக்கு வாருங்கள். சுண்டுவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு முனையில் இருக்கும்படி நான்கு விரல்களையும் எஃப், ஜி, எச், ஜே மேல் வையுங்கள். எந்தக் கையானாலும் இடம் இதுதான். எஃப்பிலும் ஜேயிலும் உள்ள சிறு மேடு சுண்டுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் அடையாளம். இங்கிருந்து இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் தூரம் ஏறத்தாழ சமம்.

மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு விரலை மட்டும் நீட்டாதீர்கள். முழங்கையிலிருந்து முழுக்கையும் நகர வேண்டும், ஆர்மோனியம் வாசிப்பவர் கை நகர்வது போல.

அப்படியானால் நடுவில் வைத்து அடித்தால் போதுமே, எதற்கு வேறு லேஅவுட்?

மாவுக்கட்டு பிரிக்கும்வரை ஆறு வாரம் சமாளிக்க வேண்டும் என்றால் போதும். வேறு எதையும் கற்க வேண்டாம். வாழ்நாள் முழுக்க, தினமும் சில மணி நேரம் அடிக்க வேண்டியவருக்குத்தான் எழுத்தமைப்பைப் பற்றிய யோசனை தேவைப்படுகிறது.

இரு கையால் அடிக்கும்போது ஒரு கை தட்டுகையில் மறுகை அடுத்த எழுத்துக்குத் தயாராகிவிடும். ஒற்றைக் கைக்கு அந்த ஓய்வு இல்லை. அதனால் இரு கைக்கு நல்லதாகத் தெரியும் அமைப்பு ஒரு கைக்குக் கெட்டதாகிவிடலாம். ஒரு கைக்கான அமைப்பில் நான் மூன்றைப் பார்ப்பேன். அடிக்கடி வரும் எழுத்துகள் விரலடியில் இருக்க வேண்டும். அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்துகள் ஒரே விரலில் விழக்கூடாது. கூடியவரை சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரலை நோக்கி உருண்டு வர வேண்டும். மேசையில் நான்கு விரல்களையும் தாளம்போல உருட்டிப் பாருங்கள், எந்தத் திசையில் சுலபமாக வருகிறது என்று உங்கள் கையே சொல்லும்.

டிவோராக்கில் ஒரு கைக்கு தனி லேஅவுட் இருக்காமே?

இருக்கிறது. ஆகஸ்ட் டிவோராக் என்ற அமெரிக்கர் தம் இருகை அமைப்புக்கு 1936இல் காப்புரிமை பெற்றவர். பின்னாளில் இடக்கைக்கு ஒன்றும் வலக்கைக்கு ஒன்றுமாகத் தனி அமைப்புகளையும் செய்தார். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இவை கூடவே வருகின்றன. மொழி அமைப்புகளில் ஆங்கில விசைப்பலகைகளின் பட்டியலில் தேடினால் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துகளை எல்லாம் கை நிற்கும் நடுப்பகுதிக்கே கொண்டுவந்து, எண்களையும் அரிய எழுத்துகளையும் மறு ஓரத்துக்குத் தள்ளியிருப்பார். முழுக்க ஆங்கிலத்திலேயே எழுதுபவருக்கு இது அருமையான அமைப்பு. ஆனால் குவெர்ட்டி எனப்படும் வழக்கமான எழுத்தமைப்பில் வந்த பழைய பழக்கம் எதுவும் உதவாது, அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். மேல்மட்ட எண் வரிசையிலும் எழுத்துகள் உட்கார்ந்திருப்பதால் சின்னக் கை உள்ளவர்களுக்கு எட்டாது. தமிழுக்கும் இது ஒத்தாசை செய்யாது.

ஸ்பேஸ்பாரை அழுத்திக்கொண்டு அடிக்கும் முறை என்று ஒன்று சொன்னீர்களே, அது என்ன?

முதல் பதிலில் சொன்ன டொரன்டோ சோதனை அதைப் பற்றியதுதான். பாதிக் குவெர்ட்டி என்று சொல்லலாம். உங்கள் கை எந்தப் பக்கமோ அந்தப் பாதி கீபோர்டு மட்டும்தான் உங்களுக்கு. மறுபாதியின் எழுத்து வேண்டுமானால், கட்டைவிரலால் ஸ்பேஸ்பாரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் பார்த்தால் அந்த எழுத்து எந்த விசையில் தெரியுமோ அந்த விசையைத் தட்ட வேண்டும். வலக்கையில் ஜேயைத் தட்டினால் ஜே. ஸ்பேஸ்பாரோடு தட்டினால் எஃப். அதேபோல கேயோடு டி, எல்லோடு எஸ். ஸ்பேஸ்பாரை மட்டும் தட்டி விட்டால் வழக்கம்போல இடைவெளி.

இதன் அழகு, பழைய பாடம் வீணாவதில்லை. இடது ஆள்காட்டி விரல் அடித்த எழுத்தை இப்போது வலது ஆள்காட்டி விரல் அடிக்கிறது. விரல் அதே விரல், கைதான் வேறு. அதனால்தான் 10 மணி நேரத்தில் அவ்வளவு வேகம் வந்தது. கையை நடுவுக்குக் கொண்டுவரவும் தேவையில்லை. முன்பு நான் சொன்ன எஃப், ஜி, எச், ஜே இடத்தை மறந்துவிட்டு, பயிலகத்தில் கற்ற பழைய இடத்திலேயே வையுங்கள்.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதிகம் வரும் ஈ, டி, ஏ, எஸ், ஆர் எல்லாம் குவெர்ட்டியின் இடப்பாதியில் கிடக்கின்றன. ஆகையால் இடக்கைக்காரருக்கு ஸ்பேஸ்பார் பிடிக்கும் வேலை குறைவு, வலக்கைக்காரருக்குக் கூடுதல்.

இதெல்லாம் இங்கிலீஷ் கதை. தமிழ் எப்படி அடிப்பது?

நான் மிக ஆசையாகப் பதில் சொல்லும் கேள்வி இது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகள் இடப்பாதியிலும் மெய்கள் வலப்பாதியிலும் இருக்கின்றன. இரண்டு கை மாறி மாறி அடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதை ஒரு கையால் அப்படியே அடித்தால் கொடுமை. அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் கை வலமிருந்து இடம் ஓட வேண்டும்.

ஆனால் அதையே பாதி கீபோர்டாக மடித்துப் பாருங்கள். வலக்கை விரலடியில் மெய்கள்: எச்சில் க, ஜேயில் ப, கேயில் ம, எல்லில் த, செமிகோலனில் ந. ஸ்பேஸ்பாரைப் பிடித்தால் அதே விசைகளில் உயிர்கள்: எச்சில் எ, ஜேயில் புள்ளி, கேயில் உ, எல்லில் இ, செமிகோலனில் அ. மேல்வரிசையில் வொய், யூ, ஐ, ஓ, பி விசைகள் தனியாக ள, ற, ன, ட, ண; ஸ்பேஸ்பாரோடு ஏ, ஐ, ஊ, ஈ, ஆ. விரல் தருவது மெய், கட்டைவிரல் சேர்ந்தால் உயிர். தொல்காப்பியம் படித்தவரும் முதல் வகுப்புப் பிள்ளையும் அறிந்த அதே பிரிவு கையில் வந்து நிற்கிறது. இப்படி ஒரு ஒழுங்கு ஆங்கிலத்தில் கிடைக்காது. அங்கே எந்த எழுத்துக்குக் கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாக நினைவு வைக்க வேண்டும்.

'நாளை மழை வரும்' என்று அடித்துப் பார்ப்போம். இடைவெளி நீங்கலாக 12 தட்டல். அதில் மெய்த் தட்டல் 7, உயிரும் புள்ளியும் 5. இந்த ஒழுங்கை மீறுவது இரண்டே எழுத்துகள்: வ, ங. தமிழ்99இல் இவை இடப்பாதியில் இருப்பதால் வலக்கையில் அவற்றுக்கும் கட்டைவிரல் வேண்டியிருக்கிறது. ங தனியாக அரிதாகவே வரும், விட்டுவிடலாம். வ அப்படி இல்லை. நான் என் மாணவருக்கு வகரத்தைக் கமா விசைக்கு மாற்றி, கமாவை ஷிஃப்டோடு வைத்துக்கொடுத்தேன். ஒரு பத்தியில் வ எத்தனை, கமா எத்தனை என்று எண்ணினால் காரணம் தெரியும்.

எனக்கு இடது கை மட்டும்தான். நீங்கள் சொல்வது வலது கைக்குத்தானே?

ஆமாம், தமிழ்99ஐ அப்படியே மடித்தால் இடக்கைக்கு உயிர்கள் தனியாகவும் மெய்கள் ஸ்பேஸ்பாரோடும் வரும். மேலே எண்ணியதைப் பாருங்கள், மெய்கள்தான் அதிகம். கட்டைவிரல் ஓயாது. அதோடு ச, ஞ, ய மூன்றும் வலது ஓரத்துக்கு வெளியே இருப்பதால் சகரத்துக்கும் யகரத்துக்கும் நேரான இட விசைகள் டேபும் கேப்ஸ் லாக்கும்தான், ஞகரத்துக்கு நேரான விசையே இல்லை.

ஆகவே இடக்கைக்கு அமைப்பையே இடவலமாகத் திருப்பிவிட வேண்டும். ஜியில் க, எஃப்பில் ப, டியில் ம, எஸ்ஸில் த, ஏயில் ந. டி எழுத்தென்று ஆங்கிலத்தில் இரண்டு இருப்பதால் குழம்ப வேண்டாம், நான் சொல்வது நடுவரிசை. கீழ்வரிசையில் வியில் ர, பியில் ல, இசட்டில் ழ. சி, எக்ஸ் இரண்டும் காலியாக நிற்கும், அவற்றில் வ, ச இரண்டையும் வைக்கலாம். யகரத்துக்குக் கேப்ஸ் லாக். ங, ஞ இரண்டும் அரிதாகையால் ஸ்பேஸ்பாரோடு கீழ்வரிசைக்குப் போகட்டும். நிறுத்தற்குறிகள் ஷிஃப்டோடு. உயிர்கள் எல்லாம் தமிழ்99இல் இருந்த அதே விசைகளில், ஸ்பேஸ்பாரைப் பிடித்தபடி. தமிழ்99 தெரிந்தவருக்கு உயிர்களைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

நான் தங்கிலீஷில் அடித்துத் தமிழாக்கிப் பழகிவிட்டேன். தமிழ்99க்கு மாறித்தான் ஆகணுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'வணக்கம்' என்பதற்கு ஒலிபெயர்ப்பு முறையில் எட்டுத் தட்டல், ணகரத்துக்கு ஷிஃப்டும் சேர்த்தால் ஒன்பது. தமிழ்99இல் வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறே தட்டல். ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துவிடும். ந-த, ம-ப, ண-ட, ன-ற, ங-க, ஞ-ச ஆகிய இணைகளுக்கும் அப்படியே. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ நான்கே போதும். 'மமதை' போன்ற சொல்லில் புள்ளி வேண்டாம் என்றால் இரண்டு மகரங்களுக்கும் நடுவில் ஓர் அகரத்தைத் தட்டினால் சரியாகிவிடும்.

இரு கை உள்ளவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒற்றைக் கைக்கு ஒவ்வொரு தட்டலும் கணக்கு. தினமும் தமிழில் நிறைய எழுதுபவர் என்றால் மாறிவிடுங்கள் என்பேன். எப்போதாவது வாட்ஸாப்பில் நாலு வரி என்றால் பழகியதே இருக்கட்டும்.

இந்த மாதிரி லேஅவுட்டை நாமே செய்ய எந்த மென்பொருள் வேண்டும்?

வேலை இரண்டு. ஒன்று, ஸ்பேஸ்பாரைப் பிடித்தால் மறுபாதியைத் தருவது. இரண்டு, எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். முதல் வேலைக்கு விண்டோஸில் ஆட்டோஹாட்கீ, மேக்கில் கராபினர், லினக்ஸில் கீடி என்று இலவச மென்பொருள்கள் உள்ளன. இரண்டாவதற்கு கீமேன் இருக்கிறது. அதன் டெவலப்பர் கருவியில் தமிழ்99ஐ எடுத்து வகரத்தை மாற்றவோ, இடக்கைக்காகப் பாதிகளைத் திருப்பவோ முடியும்.

இன்னும் நல்ல வழி, க்யூஎம்கே என்ற திறந்தமூல நிரலை ஏற்கும் கீபோர்டு. அதில் இடப்பாதியையும் வலப்பாதியையும் மாற்றித் தரும் வசதி ஏற்கெனவே இருக்கிறது, அதை ஸ்பேஸ்பாருக்குக் கொடுத்துவிடலாம். மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே நடப்பதால் கணினிக்கு அது சாதாரண கீபோர்டாகவே தெரியும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே பழக்கம் போதும். எதையும் நிறுவ அனுமதிக்காத அலுவலகக் கணினியிலும், கடவுச்சொல் கேட்கும் முதல் திரையிலும்கூட வேலை செய்யும். மென்பொருள் வழியில் போனவர்கள் காலையில் கடவுச்சொல்லிலேயே மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

ஸ்பேஸ் முறையில் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன, சில சமயம் வேறு எழுத்து விழுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

நீங்கள் வேகமாக அடிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம் அது. இடைவெளிக்காக ஸ்பேஸ்பாரைத் தட்டிவிட்டு, அது முழுதாக மேலே வருமுன் அடுத்த எழுத்தை அழுத்திவிடுகிறீர்கள். பிடித்திருக்கிறீர்கள் என்று கணினி நினைத்து இடைவெளியை விழுங்கி மறுபாதி எழுத்தைத் தருகிறது. தட்டலா பிடித்தலா என்று முடிவு செய்ய ஒரு கால எல்லை உண்டு. க்யூஎம்கேயில் அது வழக்கமாக 200 மில்லிவிநாடி. அதோடு, எழுத்து விசை ஸ்பேஸ்பார் கீழே இருக்கும்போதே அழுத்தி விடப்பட்டால்தான் பிடித்தல் என்று கொள்ளும் ஒரு தேர்வும் உண்டு. முதலில் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் பிடிக்கும் வேலையை ஸ்பேஸ்பாரிடமிருந்து எடுத்துவிடுங்கள். கட்டைவிரலுக்கு எட்டும் ஆல்ட் விசைக்கு அதைக் கொடுத்தால் ஸ்பேஸ்பார் வெறும் ஸ்பேஸ்பாராகவே இருக்கும். அழகு கொஞ்சம் குறையும், பிழை நிறையவே குறையும்.

ஐந்து பட்டன் மட்டும் உள்ள கருவியில் எல்லா எழுத்தும் அடிக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். வீணையில் பல தந்திகளை ஒன்றாக மீட்டுவது போல, பல விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து. 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டிய அதே மேடையில், மறுகையில் அவர் வைத்திருந்தது ஐந்து விசை கொண்ட இப்படியொரு கருவி. ஐந்து விசையில் 31 சேர்க்கைகள் கிடைக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. இந்தக் கணக்கு முதல்முறை கண்ணில் பட்டபோது அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் புள்ளி எங்கே, இடைவெளி எங்கே, அழிக்கும் விசை எங்கே என்று கேட்டால் இடமில்லை. ஆறாவது விசை வேண்டும், அப்போது 63 சேர்க்கை. கை நகரவே வேண்டாம் என்பதால் தோள், முழங்கை அசைக்க முடியாதவர்களுக்கு இது வரம். ஆனால் ஐந்து விரலும் தனித்தனியே நன்றாக மடங்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் விரல்கள் சேர்ந்தே மடங்குகிற கைக்கு நான் இதைச் சொல்வதில்லை.

பேசினாலே தமிழில் டைப் ஆகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?

பேசி அடிப்பதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நீண்ட கடிதத்தின் முதல் வரைவுக்கு நானே அதைத்தான் சொல்கிறேன், கைக்கு ஓய்வு. ஆனால் திருத்த, கணக்குப் பட்டியல் நிரப்ப, நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு நோயாளியின் விவரமோ கடவுச்சொல்லோ எழுத, விரல்தான் வேண்டும். பக்கவாதத்தில் பேச்சும் குழறியவர்களுக்கு அந்த வழியே கிடையாது.

ஒரு மாதமாக அடிக்கிறேன், நல்லாயிருக்கிற கையும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. பழகினால் போய்விடுமா?

பழகினால் போகும் வலி என்று இருந்து இன்னும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள். கீபோர்டை உடம்புக்கு நேராக இல்லாமல், அந்தக் கையின் தோளுக்கு நேராக நகர்த்தி வையுங்கள். வலக்கைக்காரர் என்றால் கீபோர்டு வலப்பக்கம் ஒதுங்கி, கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். நடுவில் வைத்தால் மணிக்கட்டு வளைந்தே இருக்கும், பாதி வலி அதனால்தான்.

அடிக்கடி எழுதும் முகவரி, வணக்க வரி, அலுவலகச் சொற்றொடர் எல்லாவற்றுக்கும் இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோஹாட்கீயில் அதுவும் முடியும். விரல் மரத்துப்போவது, ராத்திரி வலியில் விழிப்பது இருந்தால் அடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். இதை ஒத்திப்போடாதீர்கள்.

பரீட்சையிலும் வேலையிலும் இதற்குச் சலுகை உண்டா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் தன் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வேலைக்குத் தகுந்த நியாயமான வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது. உங்களுக்குப் பழகிய கீபோர்டைக் கேட்பது அந்த வகையில் வரும். தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். எழுத்துத் தேர்வுகளுக்கு 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், 40 சதவீதமோ மேலோ குறைபாடு சான்றளிக்கப்பட்டவருக்கு 3 மணி நேரத் தேர்வில் குறைந்தது 1 மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்று இருந்தது.

தட்டச்சுத் தேர்வுக்கு விதி இடத்துக்கு இடம் மாறும். விளம்பர அறிவிப்பின் கடைசிப் பக்கம் வரை படியுங்கள், சொந்த கீபோர்டு கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருங்கள்.

கை சரியாகிவிட்டால் பழையபடி இரண்டு கையால் அடிக்க முடியுமா? இது குழப்பிவிடாதா?

பாதி கீபோர்டு முறையில் குழப்பம் குறைவு. மேலே சொன்னபடி அந்த விரல் பாடம் பழையதேதான். கையை வைத்துச் சில நாள் அடித்தால் திரும்பிவிடுகிறது. டிவோராக் ஒற்றைக்கை அமைப்பைப் பழகியவர்களுக்குத்தான் இரண்டு நினைவுகளும் சில வாரம் மோதும். குணமாகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

என் மகளுக்கு 7 வயது. பிறவியிலேயே இடது கையில் விரல்கள் இல்லை. டைப்பிங் இன்னும் தெரியாது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

இதுவரை நான் பாதி கீபோர்டைப் புகழ்ந்ததெல்லாம் இருகைப் பழக்கம் இருந்தவர்களை வைத்து. உங்கள் மகளுக்கு மறக்கவும் ஒன்றுமில்லை, மாற்றவும் ஒன்றுமில்லை. அதனால் அந்தக் காரணம் இங்கே செல்லாது. பள்ளியிலும் தோழிகள் வீட்டிலும் எந்தக் கணினியிலும் அவளாக உட்கார்ந்து அடிக்க வேண்டும். ஆகவே முதலில் சாதாரண கீபோர்டு, நடுவிடம், எஃப், ஜி, எச், ஜே. ஷிஃப்டுக்கு ஸ்டிக்கி கீஸை அவளே போடவும் எடுக்கவும் கற்றுக்கொடுங்கள். இடக்கையின் நுனியால் ஸ்பேஸ்பாரைத் தட்ட அவளுக்கு வசதியாக இருந்தால் தடுக்காதீர்கள். குழந்தைகள் நாம் நினைக்காத வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்படி அந்த நுனி ஸ்பேஸ்பாரைப் பிடிக்கும் என்றால், தமிழுக்கு உயிர் அங்கே, மெய் வலக்கையில் என்று அவளுக்கு இரு கையாலும் தட்டும் முறையே கிடைத்துவிடும். வலது கட்டைவிரலுக்கும் வேலை மிச்சம்.

சொந்த அமைப்பு எதையும் பத்து, பதினொரு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது கை சின்னது, இன்னும் வளரும். ஒரு வெள்ளைத் தாளில் அவள் வலக்கையை விரித்து வைத்துப் பென்சிலால் வரைந்து தேதி போட்டு வையுங்கள். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும்போது அதே தாளில் மறுபடி வரையுங்கள். சுண்டுவிரல் ஜேயில் இருக்கும்போது மறுமுனை விரல் எண் வரிசையைச் சிரமமில்லாமல் தொடத் தொடங்கிய வருடம், அந்தத் தாளோடு அவளை அழைத்து வாருங்கள்.